ஒரு சொட்டு வேர்வை இல்லை

"ஃபேனைப் போடுங்கன்னு சொல்றேன்—"

"போட முடியாதுன்னு நானும் காலையிலேருந்து—"

"—வெந்து செத்துப் போவீங்க!"

"செத்தா போட்டுக்க. அப்புறம் அது பாட்டுக்கு ஓடட்டும், யாரு கேக்கப் போறா? இப்ப ஸ்விட்சுலேருந்து கையை எடுடி."

"செத்த பிறகு காத்து எதுக்கு? மூக்கு வேலை செய்யும்போதே வாங்கிக்கங்க."

"என் மூக்கைப் பத்தி நீ பேசாதே. உன் வாயிலேருந்து வர்ற காத்தே எனக்குத் தாராளம்."

இந்தச் சண்டை காலை எட்டு மணிக்குத் தொடங்கியது. இப்போது பகல் பன்னிரண்டரை. நடுவில் ஐந்து நிமிடம் ஓய்ந்தது. அதுவும் இரண்டு பேர் வாயிலும் சாப்பாடு இருந்ததால்தான்.

தெருவில் அவருக்குப் பெயர் மடிப்பு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது மின்கட்டண ரசீதோடு சரி. அவர் தேய்த்துக் கொடுத்த சட்டைக்கையின் மடிப்பில் தக்காளி நறுக்கலாம் என்று யாரோ ஒருவர் சொல்லப்போக, அதுவே ஒட்டிக்கொண்டது. அவரைக் கட்டிக்கொண்ட குற்றத்துக்காக அவர் மனைவி மடிப்பக்கா ஆனாள். முப்பத்தெட்டு வருஷமாக இருவரும் தங்கள் இஸ்திரிக் கடையின் ஒரே அறையில், எதிரெதிர் மேஜையில், ஆளுக்கொரு இஸ்திரிப் பெட்டியோடு நின்று சண்டை போட்டு வருகிறார்கள்.

மடிப்பக்காவுக்கு ஒரு பழக்கம். புருஷனை என்ன திட்டினாலும் 'நீங்க' குறையாது. "நீங்க ஒரு சரியான முட்டாளுங்க" என்று மிகுந்த மரியாதையுடன் சொல்வாள். அவருக்கு நேர்மாறான பழக்கம். இருக்கிற மரியாதை முழுவதையும் வாடிக்கையாளர்களுக்கு வாரிக் கொடுத்துவிடுவார். வீட்டுக்காரிக்கு 'டி'தான் மிச்சம். 'சரி' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே கிடையாது.

அறை நீளமானது. மேலே தகரம். ஒரே ஒரு ஜன்னல். அதுவும் ரோட்டுப் புழுதி வெள்ளைத் துணியில் ஒட்டும் என்பதால் எப்போதும் மூடியே இருக்கும். இரண்டு மேஜைகளுக்கும் நடுவே ஃபேன் தொங்கியது. அலங்காரத்துக்குத்தான். அது ஓடினால், துணியில் தெளித்த ஈரம் பெட்டி வந்து சேர்வதற்குள் காய்ந்துவிடும். காய்ந்த துணியில் சுருக்கம் போகாது. ஆகவே அதன் ஸ்விட்சின் மேல் அகலமான டேப்பை ஒட்டி வைத்திருந்தார். ஒட்டி எட்டு வருஷம் ஆகிறது.

மூலையில் இருந்த ரேடியோ சொன்னது: "பகல் பதினொரு மணி முதல் நான்கு மணி வரை பொதுமக்கள் வெளியே வருவதைத் தவிர்க்கவும். முதியவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கவும்."

"கேட்டியா?" என்றார் மடிப்பு. "உள்ளேயே இருக்கணுமாம். நான் வெளிய போனேனா? வாசப்படி தாண்டினேனா? நாட்டுலயே சொன்ன பேச்சு கேக்கறவன் நான் ஒருத்தன்தான்."

"இந்தத் தகரத்துக்குக் கீழ ரெண்டு பெட்டி கொதிக்கறது ரேடியோக்காரனுக்குத் தெரியுமா? தெரிஞ்சிருந்தா, 'மடிப்பு மட்டும் வெளிய ஓடி வரவும்'னு சொல்லியிருப்பான்."

"பேச்சைக் குறை. கையை வேகமா ஓட்டு. நாலு மணிக்கு ஹோட்டல்காரன் வந்து நிப்பான்."

அன்று ஹோட்டல் வேலை. நூற்றிருபது படுக்கை விரிப்புகள், நூற்றிருபது தலையணை உறைகள். மறுநாள் ஹோட்டலில் டாக்டர்கள் மாநாடு. ஊரிலுள்ள பெரிய டாக்டர்கள் எல்லாரும் வந்து இந்த விரிப்புகளில் படுத்துப் புரளப் போகிறார்கள் என்பதில் மடிப்புக்குத் தாங்க முடியாத பெருமை. உறைகள் அவளுக்கு, விரிப்புகள் அவருக்கு. விரிப்பில் அவளைக் கைவைக்க விடமாட்டார். "உன் வேர்வை அருவி. நீ குனிஞ்சாலே வெள்ளம்."

வேர்வைதான் அவருடைய பரம எதிரி. அதற்கு ஒரு காரணம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஹோட்டல் மேனேஜர் ஒரு விரிப்பைத் திருப்பி அனுப்பினார். ஓரத்தில் பொட்டு அளவுக்கு ஒரு மஞ்சள் கறை. அதைச் சுற்றி நீலப் பேனாவில் ஒரு வட்டம். நெற்றியிலிருந்து விழுந்த ஒரே ஒரு சொட்டு; அதன் மேல் சூடான பெட்டி போயிருக்கிறது. மடிப்பு மூன்று நாள் சாப்பிடவில்லை. அந்த விரிப்பை இன்றும் மேல் தட்டில், கொலை வழக்குச் சாட்சியம் மாதிரி மடித்து வைத்திருக்கிறார். அன்றைக்கு ஒரு முடிவும் எடுத்தார். தண்ணீர் குடித்தால்தானே வேர்க்கும்? வேர்த்தால்தானே சொட்டும்? ஹோட்டல் வேலை வந்தால், முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் கிடையாது. காப்பி கிடையாது. மோர் கிடையாது.

மடிப்பக்கா அதைத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. தடுக்காதது மட்டுமா? "எங்க வீட்டுக்காரரு வேர்வையைக்கூட அடக்கிடுவாரு" என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டாள். ஆனால் அந்த வருஷங்களில் வெயில் இந்த மாதிரி இருந்ததில்லை. காலையில் அவள் மேஜையில் வைத்த சொம்பு தொடாமல் அப்படியே இருந்தது. அதில் ஓர் ஈ விழுந்து மிதந்தது.

"பாருங்க, அந்த ஈகூட உங்களைவிட அதிகமா தண்ணி குடிச்சிருக்கு."

"குடிச்சது என்ன ஆச்சு? செத்துப்போச்சு. பாத்துக்க."

பதில் சொல்லிவிட்ட திருப்தியில் அவர் பெட்டியை ஓட்டினார். அவளும் சிரித்துவிட்டாள். சண்டையில் நல்ல அடி விழுந்தால், அடித்தவர் யாரானாலும் சிரிக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம்.

ஒரு மணிக்கு அவர் நிமிர்ந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் பிழிந்து காட்டினார். ஒன்றும் வரவில்லை.

"பாருடி! ஒரு சொட்டு வேர்வை இல்லை. மூணு வருஷத்துல இதுதான் முதல் தடவை. அடக்கிட்டேன்."

நிஜமாகவே இல்லை. காலையில் ஊறிப்போயிருந்த பனியன்கூடக் காய்ந்து, முதுகில் உப்புப் படிந்து வரைபடம் போட்டிருந்தது. முகம் மட்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"மூஞ்சி என்னங்க இப்படிச் சிவந்திருக்கு?"

"பெருமை."

"தலை வலிக்குதா?"

"உன்னைக் கட்டினதுலேருந்து வலிக்குது."

மேஜையைச் சுற்றி வந்து அவர் நெற்றியில் கையை வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. எப்போதும் போலத்தான் இருந்தது. 'சரி, மனுஷன் சொல்கிறபடி அடக்கித்தான் விட்டார் போல' என்று தன் மேஜைக்குத் திரும்பினாள்.

அவள் கையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். முப்பத்தெட்டு வருஷம் பெட்டி பிடித்த கை. அடுப்பிலிருந்து பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்குகிற கை. உள்ளங்கையில் தோல் செருப்பு மாதிரி காய்த்துப்போயிருந்தது. அதில் சூடு ஏறாது. ஒருமுறை மகளுக்குக் கடும் காய்ச்சல். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிக்கறே" என்று அனுப்பி வைத்தாள். மகளை வாத்தியார் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள்; இன்னமும் போனில் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

மணி இரண்டை நெருங்கும்போது, எதிர் மேஜையில் சத்தம் குறைந்துவிட்டதை அவள் கவனித்தாள். ரேடியோ அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. இவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. ஒரே விரிப்பை மூன்றாவது முறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடிக்க எடுத்தார். முதல் மடிப்பு சரி. இரண்டாவது சரி. மூன்றாவது கோணிக்கொண்டு போயிற்று.

அவளுக்குக் குஷி பிறந்துவிட்டது. முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் வாய்ப்பு.

"ஏங்க, மூணாவது மடிப்பு கோணுது! மடிப்போட மடிப்பே கோணிப்போச்சு! தெருவைக் கூப்பிடட்டுமா?"

இடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். விழவில்லை.

"ஆமாங்க," என்றார் அவர். "நீங்க சொல்றது சரிதாங்க. தப்பு என்னோடதுதான்."

"என்ன, நக்கலா?"

"இல்லீங்கம்மா. ஃபேன் வேணும்னா போட்டுக்குங்க. சரிங்களா?"

அவளுடைய கையிலிருந்த உறை கீழே விழுந்தது. அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். கடை வாசலில் தினமும் கேட்கிற குரல்தான். ஆனால் அது அவளுக்கானது இல்லை.

"என்னங்க பேசறீங்க? யாருன்னு நினைச்சுப் பேசறீங்க?"

"தெரியலீங்களே." அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "டோக்கன் இருக்குங்களா? புடவையா, சட்டையா?"

அதே நேரம் புகை வாசனை வந்தது. அவருடைய பெட்டி விரிப்பின் மேல் முகங்குப்புறப் படுத்திருந்தது. சுற்றிலும் மஞ்சள் பூத்து, பழுப்பாகி, கருத்துக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுக்காக மூன்று நாள் பட்டினி கிடந்த மனுஷன், அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அது வேறு யாரோ வீட்டு விரிப்பு என்பது போல.

மடிப்பக்கா பாய்ந்து பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, சுவரைத் தட்டிக் கத்தினாள். "மீன்காரம்மா! ஏ மீன்காரம்மா! ஓடி வா!"

பக்கத்துக் கடை மீன்காரம்மா ஈரக் கையோடு ஓடி வந்தாள். நாள் முழுக்க ஐஸில் கிடக்கிற கை அது. வந்ததும் அவர் நெற்றியில் வைத்தாள்; வைத்த வேகத்தில் எடுத்தாள்.

"ஐயையோ, நெருப்பாக் கொதிக்குதே!"

"நீ யாரைத் தொட்டாலும் அதைத்தான் சொல்லுவே. போன வாரம் தபால்காரருக்குக் கொதிக்குதுன்னே. போலீஸ்காரர் ஒருத்தரு உன் பேச்சைக் கேட்டு லீவு போட்டுட்டு வீட்டுக்குப் போனாரு. ஐஸ்கட்டியைக் கொடுத்தாலும் கொதிக்குதுன்னு சொல்ற கை உன்னோடது."

"உன் கை மட்டும் என்னவாம்? அது கையா, கரண்டியா? அடுப்புக்குள்ள விட்டாக்கூட 'இதமா இருக்கு'ன்னு சொல்லுவே."

"நான் தொட்டுப் பாத்தேன், ஒண்ணுமில்ல!"

"நான் தொட்டுப் பாத்தேன், நெருப்பு!"

"சண்டை வேண்டாங்கம்மா," என்றார் மடிப்பு. "வரிசையா வாங்க."

இரண்டு பெண்களும் அவரைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

மடிப்பக்கா அவருடைய தலையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, தன் கன்னத்தை அவர் நெற்றியில் வைத்தாள். கல்யாணமான புதிதில்கூட அடுத்தவர் எதிரே அவள் அப்படிச் செய்ததில்லை. கையில் தெரியாதது கன்னத்தில் தெரிந்தது. தேய்த்து முடித்த துணியின் மேல் முகத்தை வைத்தது போல இருந்தது.

"நெருப்புதான்," என்றாள்.

அவர் அப்படியே அவள் தோளில் சரிந்து, அவளையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தார்.

மீன்காரம்மாதான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு, சத்தமாகப் பேசும்படி வைத்தாள். எதிர்முனையில் ஒரு பெண் குரல். நிதானமாகப் பேசியது.

"என்ன ஆச்சும்மா?"

"என் வீட்டுக்காரரும்மா. இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தாரு. விழுந்துட்டாரு. உடம்பு கொதிக்குது."

"வேர்க்குதா?"

"இல்ல. ஒரு சொட்டுகூட இல்ல. அடக்கிட்டாரும்மா."

"அடக்கிட்டாரா? அதெல்லாம் அடக்கறதில்லம்மா, அது நின்னுபோச்சு. விழறதுக்கு முன்னாடி பேச்சு எப்படி இருந்துச்சு? குழறுச்சா?"

"குழறல. மரியாதையா பேசினாரு."

"மரியாதையாவா? அது நல்லதுதானே?"

"உங்களுக்குத் தெரியாதும்மா! முப்பத்தெட்டு வருஷமா இந்த மனுஷன் என்னை 'டி' போடாம கூப்பிட்டதில்ல. இன்னைக்கு என்னைப் பாத்து 'சரிதாங்க'ன்னு சொல்றாரு. டோக்கன் கேக்கறாரு!"

அடுத்து வந்த குரலில் வேகம் ஏறியிருந்தது. "வண்டி கிளம்பியாச்சு. வர இருபது நிமிஷம் ஆகும். அது வரைக்கும் காத்திருக்க முடியாது. நீங்கதான் இப்பவே குளிர வைக்கணும். துணியைக் கழட்டுங்க."

"எதை?"

"எல்லாத்தையும்."

"இங்க மீன்காரம்மா இருக்காம்மா!"

"நான் தினமும் நூறு மீனுக்குச் செதில் உரிக்கறவ," என்றாள் மீன்காரம்மா, இடுப்பில் செருகியிருந்த கத்தியால் பனியனைக் கிழித்துக்கொண்டே. "இதுல எனக்கு என்ன புதுசு?"

"வாய்க்கு ஏதாவது குடுக்கட்டுமா? காய்ச்சல் மாத்திரை இருக்கு," என்றாள் மடிப்பக்கா.

"நினைவு இல்லாதவருக்கு வாயில எதுவும் ஊத்தாதீங்க. தண்ணிகூட வேண்டாம், மூச்சுக்குழாய்க்குப் போயிடும். மாத்திரை இந்தச் சூட்டுக்குக் கேக்காது. உடம்பு முழுக்க ஈரம் பண்ணுங்க. துணியை நனைச்சுச் சுத்துங்க. மேல காத்து வேணும். ஐஸ் கிடைக்குமா?"

"பெட்டி பெட்டியா இருக்கு!" என்றபடியே மீன்காரம்மா ஓடினாள்.

"கழுத்துல, அக்குள்ல, தொடை இடுக்குல வைங்க. நிறுத்தாதீங்க."

நனைக்கத் துணி. மடிப்பக்கா சுற்றிப் பார்த்தாள். தேய்க்காதவை மூட்டைக்குள் முடிச்சுப் போட்டுக் கிடந்தன. கைக்கு எட்டியதெல்லாம் அவர் தேய்த்து முடித்து அடுக்கிய தொண்ணூற்றிரண்டு விரிப்புகள்தான். ஓரம் ஓரத்தோடு பொருந்தி, வெள்ளைச் சுவர் மாதிரி நின்றன. அதைக் கலைத்தால் பிழைத்து எழுந்ததும் தன்னைக் கொன்றுவிடுவார் என்று நினைத்தாள். 'முதலில் எழட்டும், அப்புறம் கொல்லட்டும்.' மேலிருந்து ஐந்தாறை அள்ளித் தண்ணீர் வாளிக்குள் அமுக்கினாள். நனைந்த விரிப்பை அவர் மேல் போர்த்தினாள். ஒரு நிமிடத்தில் அது வெதுவெதுப்பாகிவிட்டது. அதை இழுத்துப் போட்டுவிட்டு அடுத்ததைப் போர்த்தினாள். தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை எடுத்து, காலர் தெளிக்கிற மாதிரி முகத்தில், கழுத்தில், மார்பில் தெளித்தாள்.

பிறகு ஸ்விட்சிடம் போனாள். எட்டு வருஷத்து டேப். நகத்தால் கிளறி, பல்லால் கடித்து இழுத்தாள். ஃபேன் ஒருமுறை முனகியது, திரும்பியது, வேகம் பிடித்தது. அதன் இறக்கைகளில் எட்டு வருஷமாகப் படுத்திருந்த தூசி மொத்தமும் ஒரே நேரத்தில் கிளம்பி, மிச்சமிருந்த வெள்ளைச் சுவர் மேல் சாம்பல் மழையாகப் பெய்தது.

மீன்காரம்மா ஐஸைக் கூடையோடு கொண்டுவந்து கொட்டினாள். அதில் செதிலும் இருந்தது, ஒரு சின்ன மீனும் இருந்தது. "அது சும்மா வந்துடுச்சு, கணக்குல வைக்காதே," என்று மீனைத் தூக்கித் தூரப் போட்டாள்.

"நாறுமே!"

"நாறினா குளிச்சுக்கலாம். உசுரு போனா குளிப்பாட்டத்தான் முடியும். காலை அகட்டு."

மடிப்பக்கா அவருடைய தலைமாட்டில் உட்கார்ந்து தெளித்துக்கொண்டே இருந்தாள். அவர் கண் பாதி திறந்திருந்தது. உள்ளே ஆள் இல்லை. மூச்சு மட்டும் வேகவேகமாக வந்தது. அவள் கூப்பிட்டாள். "ஏங்க. என்னங்க. இங்க பாருங்க." பதில் இல்லை. "ஏங்க, ஃபேன் ஓடுது. எழுந்து வந்து நிறுத்துங்க." பதில் இல்லை. அவளுக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. முப்பத்தெட்டு வருஷமாகக் கட்டிக் காத்த மரியாதை அதோடு அறுந்தது.

"எந்திரிடா!" என்று அலறினாள். "எந்திரிடா தடியா! என்னை விட்டுட்டுப் போயிடலாம்னு பாக்கறியா? திட்டுடா! வாயைத் திறந்து திட்டுடா!"

மீன்காரம்மாகூட ஒரு கணம் ஐஸை வைக்க மறந்து நின்றாள்.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. ஹோட்டல் மேனேஜர். நான்கு மணிக்கு வர வேண்டியவர், மாநாட்டுப் பதற்றத்தில் இரண்டேகாலுக்கே வந்துவிட்டார். இந்த வெயிலில் கோட், டை, கையில் ஒரு ஃபைல். உள்ளே எட்டிப் பார்த்தவர், ஹோட்டல் விரிப்பில் சுற்றி, ஐஸ் நிரப்பி, ஏற்றுமதிக்குத் தயாரானது மாதிரி கிடந்த மடிப்பைப் பார்த்தார். சாம்பல் பூத்த விரிப்புகளைப் பார்த்தார். கருகிய ஒன்றையும் பார்த்தார்.

"எங்க பெட்ஷீட்..." என்றார்.

"ஃபைலைக் கீழ வைக்காதீங்க," என்றாள் மடிப்பக்கா. "குனிஞ்சு அதால விசிறுங்க. ஃபேன் காத்து தரைக்கு வரல."

"நாளைக்கு நூத்திருபது டாக்டர்—"

"ஒருத்தர்கூட இங்க இல்லையே சார். விசிறுங்க!"

அந்தக் குரலுக்கு யாராக இருந்தாலும் விசிறத்தான் வேண்டும். மேனேஜர் முட்டி போட்டு உட்கார்ந்து விசிறினார். இரண்டு நிமிடத்தில் அவர் முகம் முழுக்க வேர்த்துக் கொட்டியது. மூக்கு நுனியில் ஒரு சொட்டு திரண்டது, தொங்கியது, வெள்ளை விரிப்பின் மேல் விழுந்தது.

மடிப்பக்கா அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை மேனேஜரும் பார்த்தார்.

"நீலப் பேனா இருக்கா சார்?" என்றாள். "அதைச் சுத்தி ஒரு வட்டம் போடுங்க."

மேனேஜர் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு இன்னும் வேகமாக விசிறினார்.

ஆம்புலன்ஸ் வந்தபோது மடிப்பின் விரல்கள் லேசாக அசைந்தன. வந்த ஆள் சூடு பார்த்துவிட்டு, "இன்னும் நாப்பது டிகிரி இருக்கு, பழைய கணக்குல நூத்தி நாலு. இவ்வளவு ஐஸ் வெச்ச பிறகு நாப்பதுன்னா, அதுக்கு முன்னாடி எவ்வளவு இருந்திருக்கும்?" என்றார். ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போது மீன்காரம்மா, "ஐஸை எடுக்காதீங்க, கூடையைக்கூடக் கொண்டு போங்க" என்று பின்னாலேயே ஓடினாள்.

மூன்று நாள் கழித்துத்தான் அவரை வார்டுக்கு மாற்றினார்கள். அந்த மூன்று நாளும் மடிப்பக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை உள்ளே விடுவார்கள். போவாள். கண்ணைத் திறந்து அவளைப் பார்ப்பார், "வாங்க" என்பார். அவள் வெளியே வந்து அழுவாள். நர்ஸ், "பேசறாரே, ஏன் அழறீங்க?" என்று கேட்டால், "அதாலதான்" என்பாள்.

பெரிய டாக்டர்கள் மாநாட்டில் இருந்ததால், மீசை சரியாக முளைக்காத ஒரு டாக்டர்தான் பார்த்துக்கொண்டார். அவரிடம் அவள் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். தண்ணீர், வேர்வை, ஃபேன் டேப், விரிப்பு, நீல வட்டம்.

டாக்டர் பேனாவை மூடினார். "ஏம்மா, கடையில ஃபேனை ஏன் நிறுத்தி வெச்சிருந்தீங்க?"

"ஈரம் காஞ்சிடும்னு."

"உடம்புக்கு வேர்வைதாம்மா ஃபேன். அது காஞ்சாத்தான் உடம்பு ஆறும். வெளிய இருந்ததை டேப் போட்டு நிறுத்தினீங்க. உள்ள இருந்ததைத் தண்ணி குடிக்காம நிறுத்தினீங்க. தகரம் வேற மேல. அரை மணி நேரம் லேட்டா கண்டுபிடிச்சிருந்தா நான் உங்ககிட்ட வேற மாதிரி பேசிக்கிட்டு இருந்திருப்பேன். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"'சரி'ன்னு சொன்னாரு," என்றாள்.

நாலாம் நாள் காலை அவள் வார்டுக்குள் போனபோது, மடிப்பு தலையைத் திருப்பிப் பக்கத்துக் கட்டிலையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? இங்க பாருடி, அந்தாளு படுத்திருக்கற விரிப்பை. இதைத் தேய்ச்சவனை நிக்க வெச்சு உதைக்கணும். மூணாவது மடிப்பு எங்க போகுது பாரு!"

மடிப்பக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"இப்ப எதுக்கு அழறே? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"ஆமா, அழறாங்க உங்களுக்கு. கண்ணுல தூசி. இந்தாங்க, தண்ணி குடிங்க. முழுசா."

குடித்தார். இன்னொன்று கொடுத்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு அதையும் குடித்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெஞ்சில் மூன்று நாளாக ஒத்திகை பார்த்ததை ஒரே மூச்சில் சொல்லத் தொடங்கினாள். சண்டைக்கு இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டே சொன்னாள்.

"நல்லாக் கேட்டுக்கங்க. வெயில் காலம் முடியற வரைக்கும் பதினொரு மணிக்கு மேல பெட்டியைத் தொடக்கூடாது. விடிகாலையில தேய்ப்போம், வெயில் இறங்கின பிறகு தேய்ப்போம். ஜன்னல் திறந்திருக்கும். தாகம் எடுத்தாலும் எடுக்காட்டியும் தண்ணி. ஃபேன் ஓடும். ஈரம் காஞ்சா மறுபடி தெளிங்க, கை என்ன தேஞ்சா போயிடும்? சொட்டு விழுந்தா விழட்டும், நான் வட்டம் போட்டுக்கறேன். என்ன சொல்றீங்க?"

"சரி," என்றார்.

அவள் பதறி எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. வார்டு முழுக்க, நோயாளிகளும் அவர்களைப் பார்க்க வந்தவர்களும் தரை துடைக்கிற அம்மாவும் பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து தன் கன்னத்தை அவர் நெற்றியில் அழுத்தி வைத்தாள்.

குளிர்ச்சியாக இருந்தது.

"காய்ச்சல் இல்லடி," என்றது அவள் காதருகே அவர் குரல். "சரின்னுதான் சொன்னேன்."

"அப்படிச் சொல்லாதீங்க. பயமா இருக்கு."

"பின்ன என்ன சொல்றது?"

"முடியாதுன்னு சொல்லிட்டு, நான் சொன்னதைச் செய்யுங்க."

"முடியாது. செய்றேன். போதுமா? இப்ப மூஞ்சியை எடு, எல்லாரும் பாக்கறாங்க."

எடுத்தாள். நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தாள். அவர் வார்டில் ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டி, எம்மேல இன்னும் ஏன் மீன் நாத்தம் அடிக்குது?"

"ஐஸ் மீன்காரம்மாவோடது."

"எங்கெங்க வெச்சீங்க?"

"வைக்க வேண்டிய இடத்துல எல்லாம்."

"யாரு வெச்சது?"

"மேல நான். கீழ அவ. அவளுக்கு அதெல்லாம் புதுசு இல்லையாம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் செய்தி முழுசாக இறங்க நேரம் பிடித்தது. பிறகு ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்தார்.

"அது போகட்டும். மயக்கத்துல எங்கேயோ தூரத்துல ஒரு குரல் கேட்டுது. 'எந்திரிடா தடியா'ன்னு. அது அவளா, நீயா?"